கிழமைக்கு ஒரு நிறம்

நவராத்திரி வாரத்து வியாழக்கிழமை, காலை எட்டு மணி வாக்கில் மும்பையை அடுத்த டோம்பிவிலி ரயில் நிலையத்தின் நடைமேம்பாலத்தில் நின்றால் கிழக்கிலிருந்தும் மேற்கிலிருந்தும் மஞ்சள் வந்து சேரும். எலுமிச்சை மஞ்சள், மாம்பழ மஞ்சள், கடுகு மஞ்சள், சந்தனத்தை ஒட்டிய வெளிறல், சாமந்தியின் அடர்த்தி, பலமுறை துவைத்து இளைத்துப்போன பருத்தி மஞ்சள். யாரும் யாரையும் கேட்டு எடுத்ததில்லை. முதல்நாள் இரவு அவரவர் அலமாரியில் தேடிப் பிடித்தது. ஒரே பெயருக்கு ஆளுக்கொரு விதமாகப் பதில் சொல்லிக்கொண்டு ஓர் ஊர் படியிறங்கி வருவதைப் பார்ப்பதற்காகவே நான் ஆண்டுதோறும் இந்த நாட்களுக்குக் காத்திருக்கிறேன்.

மும்பைக்கு வெளியே இருப்பவர்களுக்கு விவரம் சொல்லிவிடுகிறேன். நவராத்திரியின் ஒன்பது நாளும் நாளுக்கொரு நிறத்தில் உடுத்துவது இங்கே வழக்கம். வழக்கம் என்றாலும் வயது அதிகமில்லை. 2000-களின் முற்பகுதியில் ‘மகாராஷ்டிரா டைம்ஸ்’ என்ற மராத்தி நாளிதழ் நிறப் பட்டியலை வெளியிட்டு, அந்தந்த நிறத்தில் உடுத்திக்கொண்டு வாசகியர் கூட்டமாக எடுத்தனுப்பும் படங்களை அச்சிடத் தொடங்கியது. தேவி மாகாத்மியத்தில் இப்படியொரு விதி கிடையாது. பத்திரிகை விற்கச் செய்த உத்திதானே என்று உதட்டைப் பிதுக்குபவர்கள் உண்டு. எனக்கு அது குறையாகப் படவில்லை. பத்திரிகை தந்தது ஒன்பது நிறப்பெயர்கள். அவற்றை உடையாக்கி, உடையை ரசனையாக்கியவர்கள் மின்சார ரயிலில் வேலைக்குப் போய்வரும் பெண்கள்.

பட்டியலில் ஓர் ஒழுங்கும் இருக்கிறது. ஞாயிறு ஆரஞ்சு, திங்கள் வெள்ளை, செவ்வாய் சிவப்பு, புதன் அடர்நீலம், வியாழன் மஞ்சள், வெள்ளி பச்சை, சனி சாம்பல். இந்த ஏழும் கிழமையோடு கட்டுண்டவை. மிஞ்சும் இரண்டு நாளுக்கு இளஞ்சிவப்பு, ஊதா, மயில்பச்சை மூன்றில் ஏதேனும் இரண்டு வரும். 2024-இல் நவராத்திரி வியாழனன்று பிறந்தது, மஞ்சளில் தொடங்கியது. 2025-இல் திங்களன்று, வெள்ளையில். நவக்கிரக சன்னிதியில் எந்தக் கிரகத்துக்கு என்ன வஸ்திரம் என்று பார்த்து வளர்ந்த கண்ணுக்குப் பாதி உடனே பிடிபட்டுவிடும்: சந்திரனுக்கு வெள்ளை, செவ்வாய்க்குச் சிவப்பு, குருவுக்கு மஞ்சள். புதனில்தான் நமக்கு இடறும். நம் கணக்கில் புதன் பச்சை, சுக்கிரன் வெள்ளை. இங்கே பச்சை வெள்ளிக்கிழமைக்கு நகர்ந்துவிட்டது. தாய்லாந்திலும் கிழமைக்கு நிறம் உண்டு. அங்கே திங்கள் மஞ்சள், புதன் பச்சை. மன்னர் பூமிபோல் திங்கட்கிழமை பிறந்தவர் என்பதால் அவரைப் போற்ற ஊரே மஞ்சள் சட்டை போட்டுக்கொண்டது. அந்த வழக்கத்தின் வேரும் நம் கிரகக் கணக்குதான்.

டோம்பிவிலி மும்பையின் சி.எஸ்.எம்.டி. நிலையத்திலிருந்து சுமார் 48 கி.மீ. ஃபாஸ்ட் லோக்கலிலும் ஏறக்குறைய ஒரு மணி நேரப் பயணம். மாதவனை வைத்துத் தமிழில் ‘எவனோ ஒருவன்’ (2007) என்று அவரே மறுபடி எடுத்த, நிஷிகாந்த் காமத்தின் ‘டோம்பிவிலி ஃபாஸ்ட்’ (2005) அந்தப் பயணத்தின் புழுக்கத்தைச் சொன்ன படம். அதே வண்டியில் லேடீஸ் டப்பா, அதாவது பெண்கள் பெட்டி, இருக்கிறது. ஒரே வண்டி, ஒரே கதவு, ஒரே கூட்டம் என்று ஆண்டுக்கணக்கில் போய்வருபவர்களின் உலகம் அது. கீரை ஆய்வதும், பிறந்தநாளுக்குக் கேக் வெட்டுவதும், மஞ்சள் குங்குமம் கொடுக்கும் ஹல்தி குங்குமமும் அதற்குள்ளேயே நடக்கும். உடுத்திப் பார்க்கும் விளையாட்டுக்கு வேண்டியவை தெரிந்த முகங்களும், துணியைத் தொட்டுப் பார்க்கும் நெருக்கமும், பேச ஒரு மணி நேரமும். மூன்றும் இங்கே தாராளம். “உத்யா கோண்தா ரங்க்?” (நாளைக்கு என்ன நிறம்?) என்று ஒரு மராத்திக் குரல் கேட்கும். “சனிக்கிழமைடீ, கிரே. எங்கிட்ட ஒண்ணுகூட இல்ல, ஒன்னோட அந்தச் செட்டிநாடு காட்டனத் தர்றியா?” என்று இந்தப் பக்கம் நம் அக்கா ஒருத்தி தமிழில் ஏற்பாடு செய்துகொண்டிருப்பாள்.

இனி ரசனைக்கு வருகிறேன். நிறம் புடவையின் உடலுக்கா, கரைக்கா என்பது டப்பாவின் தீராத வழக்கு. உடல்தான் கணக்கு என்பது பெரும்பாலோர் தீர்ப்பு. நானும் அந்தக் கட்சி. ஆனால் ரவிக்கையும் வளையலும் பொட்டும் செருப்பும் ஒரே நிறத்தில் வைத்துக்கொண்டு வருபவளைவிட, மாம்பழ மஞ்சள் உடலுக்கு அரக்குக் கரை போட்ட காஞ்சிபுரத்தைக் கட்டி வருபவளே அன்றைய நிறத்தை நன்கு புரிந்துகொண்டவள் என்பேன். கோர்வை போட்டு நெய்த கரை பக்கத்தில் நிற்கும்போதுதான் மஞ்சள் தன் முழு வெளிச்சத்தைக் காட்டும்.

திங்களின் வெள்ளை நம் வீடுகளில் ஒரு தயக்கத்தைக் கிளப்பும். பண்டிகை நாளில் சுமங்கலி வெள்ளை கட்டலாமா என்று மாமியார்கள் முகம் சுளிப்பார்கள். பாலக்காட்டு வழிக் குடும்பத்துப் பெண்களுக்கு அந்தச் சங்கடமே இல்லை, கசவு வைத்த செட்டுமுண்டு பீரோவில் தயாராக இருக்கும். அவர்களைப் பார்த்து மற்றவர்களும் கசவுக்கு வந்துவிட்டார்கள். புதன்கிழமை நம் பெண்களின் நாள். எம்.எஸ். சுப்புலட்சுமியின் பெயரால் வழங்கும் ‘எம்.எஸ். ப்ளூ’ காஞ்சிப் பட்டு அம்மாவின் பெட்டியிலாவது ஒன்று கிடைத்துவிடும். பக்கத்தில் மகாராஷ்டிரத்து யேவலாவின் பைட்டணிப் பட்டு நீலத்தில் வந்து நிற்கும்போது, இரண்டு நெசவு ஊர்கள் எதிரெதிரே உட்கார்ந்து பேசுவதைப் பார்க்கலாம்.

எனக்கு மிகப் பிடித்தது சாம்பல். பலர் வெறுக்கும் நாள் அது. தனியாக நின்றால் சாம்பல் முகத்தையும் சேர்த்து மங்க வைத்துவிடும் என்பதால் அன்று எல்லோரும் யோசிக்க வேண்டியிருக்கிறது. ஒருத்தி வெள்ளி ஜரிகையைத் துணைக்கு அழைக்கிறாள். ஒருத்தி வாடாமல்லி நிறத்தில் இரண்டு விரல் கரையை நம்புகிறாள். இன்னொருத்தி எதையும் சேர்க்காமல் கழுத்தில் ஆக்சிடைஸ்டு வெள்ளி மாலை ஒன்றை மட்டும் போட்டுக்கொண்டு துணிந்து வருகிறாள். சிவப்பில் யாரும் அழகாக இருந்துவிடலாம். சாம்பலில் யார் கண் கூர்மையானது என்று தெரிந்துவிடும்.

மயில்பச்சை வரும் ஆண்டுகளில் வேறொரு சச்சரவு. பாவில் நீலமும் ஊடையில் பச்சையுமாக நெய்த மயில்கழுத்துப் பட்டு மடிப்பின் மேட்டில் ஒன்றாகவும் பள்ளத்தில் வேறொன்றாகவும் தெரியும். இது நீலம், செல்லாது என்று ஒருத்தி சொல்ல, கட்டியிருப்பவள் லேசாகத் திரும்பி நின்று பச்சையைக் காட்டுவாள். நெசவின் நுட்பம் இப்படி ஓடும் ரயிலில் விவாதமாவது எனக்குப் பெரும் மகிழ்ச்சி.

புடவை இல்லாவிட்டாலும் இதில் இடம் உண்டு. சுடிதார், துப்பட்டா, கையில் நாலு கண்ணாடி வளையல், டப்பாவுக்குள் விற்கவரும் கிளிப் ஒன்று, எதுவும் போதும். உல்லாஸ்நகர் கஜானன் மார்க்கெட்டிலோ தாதர் ஹிந்த்மாதாவிலோ மலிவாக ஒரு துணி எடுத்துவிடலாம். ஹல்தி குங்குமத்துக்கு வழக்கமாக அழைக்கப்படாத விதவைக்கும் இந்த நிறங்களில் பங்குண்டு. பக்கத்து இருக்கை மேரிக்கும் பாத்திமாவுக்கும் யாரும் தடை சொல்வதில்லை. அதே நேரம், நிறம் தப்பி வந்தவளை “ஏன் இன்னைக்குப் போடலை?” என்று துளைத்தெடுப்பது சில அலுவலகங்களில் நடக்கிறது. அது வேண்டாம். கட்டாயமாக்கினால் சீருடையாகிவிடும், அப்புறம் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது?

செய்தித்தாளில் வரும் குழுப்படங்களை நம்பியும் இதை எடைபோடக் கூடாது. கேமராவும் அச்சும் சேர்ந்து இருபது மஞ்சளை ஒரே மஞ்சளாக்கிவிடும். நேரில் பார்க்க வேண்டும், அதுவும் ஒரே நாளில் இருமுறை. காலையில் கஞ்சி மொடமொடப்போடு பிளாட்பாரத்தில் நின்ற அதே புடவை, மாலையில் கூட்டத்தில் கசங்கி, தாதரில் வாங்கிய மல்லிகைச் சரத்தோடு, டோம்பிவிலியில் ஏதோ ஒரு தமிழ் வீட்டுக் கொலுவுக்கு வரும். மஞ்சள் விளக்கொளியில் அதன் நிறம் ஒரு படி இறங்கிக் கனிந்திருக்கும். வீட்டுக்காரி சுண்டலை நீட்டிக்கொண்டே முந்தானையைப் பிடித்துப் பார்த்து, “இது எங்க எடுத்தது?” என்று கேட்பாள். இப்போதெல்லாம் கொலு அழைப்பிலேயே அன்றைய நிறத்தைச் சொல்லிவிடுகிறார்கள். மும்பையின் செம்பூரிலும் மாட்டுங்காவிலும்கூட அப்படித்தான்.

பத்தாம் நாளுக்கு நிறமில்லை. விஜயதசமி விடுமுறை என்பதால் அதற்கு முந்தைய வேலைநாளிலேயே ரயிலுக்குப் பூஜை நடந்துவிடும். ஜன்னல் கம்பிகளில் சாமந்தித் தோரணம், கதவருகே தேவி படம், ஆரத்தி, பெட்டி முழுக்கப் பேடா. தோரணம் கட்டும் பெண்கள் அன்றைக்குரிய ஊதாவிலோ இளஞ்சிவப்பிலோ இருப்பார்கள். ஆரஞ்சுச் சாமந்திக்கு அருகே ஊதா எப்படி எடுபடுகிறது என்பதை அந்தக் கால்மணி நேரத்தில் பார்த்துக்கொள்ளலாம்.