பொறுக்கிய கதிரும் சொந்த வயலும்

கடலூரிலிருந்து சிதம்பரத்துக்கு இரயிலில் செல்வோர், பரங்கிப்பேட்டையை அணுகும்போது மணற்பாங்கில் வரிசை வரிசையாக நிற்கும் சவுக்குத் தோப்புகளைக் காணாதிரார். நமக்கு அது பந்தற்கால், சாரக்கட்டை, அடுப்பு விறகு. அதற்கு மேல் அதனை நாம் மதித்ததில்லை. ஆயினும் அம்மரத்தையே தம் தலைசிறந்த கவிதைக்குப் பொருளாக்கிய பெண்ணொருத்தி கல்கத்தாவில் வாழ்ந்து, இருபத்தோராம் பிராயத்தில் க்ஷயரோகத்துக்கு இரையானார்.

தோரு தத் என்னும் அவ்வம்மையார் 1856இல் பிறந்தவர். ஆறு வயதில் குடும்பத்தோடு கிறிஸ்தவ மதத்தைத் தழுவி, 1869இல் பெற்றோருடனும் தமக்கை ஆருவுடனும் ஐரோப்பா சென்று, நீஸ் நகரப் பள்ளியொன்றில் சில மாதங்களே பயின்ற பிரெஞ்சு மொழியிடம் மனத்தைப் பறிகொடுத்து, 1873இல் தாயகம் திரும்பினார். மூன்றாண்டு கழித்து வெளிவந்த ஆங்கில மொழிபெயர்ப்புத் தொகுதிக்கு அவர் இட்ட பெயர், பிரெஞ்சு வயல்களில் பொறுக்கிய கதிர்க்கட்டு என்று பொருள்படுவது. சிதம்பரம் தாலுகாவில் அறுவடை பார்த்தவர்க்கு அப்பெயரின் நுட்பம் விளங்கும்: அரிக்கட்டுகள் களத்துக்குப் போனபின், சிந்திய கதிரை முந்தானையில் சேர்த்துக்கொண்டு வரப்பேறும் ஏழைப் பெண்ணுக்கு நிலமும் சொந்தமன்று, விதையும் சொந்தமன்று, கண்ணின் கூர்மையும் முதுகின் வலியுமே சொந்தம்.

அந்நிய மொழியில் இலக்கியம் செய்யும் இவ்வழக்கத்தை அடிமை மனோபாவம் என்று ஒரே சொல்லில் ஒதுக்குவது நியாயமன்று. அன்று வங்காளத்தில் ஆங்கிலம் ஆள்வோரின் பாஷை, உத்தியோகத்தின் பாஷை. பிரெஞ்சோ அவ்வம்மையாருக்கு எவ்விதப் பிரயோஜனமும் கருதாத பிரேமையால் வந்தது. ஆதலால் ஹ்யூகோ முதலிய பிரெஞ்சுக் கவிகளை ஆங்கிலத்தில் பெயர்த்தபோது, ஆள்வோரின் மொழியை அவர்கள் அண்டை நாட்டுக் கவிகளுக்கு ஏவல் செய்ய வைத்தார் எனலாம். லண்டன் விமர்சகர் எட்மண்ட் காஸ், முன்னுரையும் இல்லாத அச்சிறு நூலைக் கண்டு வியந்ததில் வியப்பில்லை. ஆரு பெயர்த்த எட்டுப் பாடல்களும் அதில் உள. நூல் வெளிவருமுன்பே, 1874இல், ஆரு இறந்தார்.

குறை தென்படுவது அவர் பிரெஞ்சிலேயே நேராக எழுதிய நாவலில். தர்வேர் குமாரியின் தினக்குறிப்பாக அமைந்து, அவர் மறைந்தபின் 1879இல் பாரிஸில் அச்சான அந்நூலில், ஒரு பெண்ணைக் காதலித்த பிரபுக் குலச் சகோதரர் இருவருள் ஒருவன் மற்றவனைக் கொல்கிறான். கதாபாத்திரங்கள் அனைவரும் பிரெஞ்சுக்காரர். நடை சுத்தம், ஆனால் ஆசிரியை கண்ணாற்கண்ட வாழ்க்கையைக் காட்டிலும் ஏட்டில் படித்த வாழ்க்கையே அதில் மிகுதி.

புதுவையில் பிரெஞ்சு ஆட்சியின்கீழ்ப் பத்தாண்டு தங்கி, 1918 நவம்பரில் எல்லை தாண்டியதும் கைதாகிக் கடலூர்ச் சிறை புகுந்த பாரதியாரை இவ்வம்மையாருக்கு எதிரே நிறுத்தி, தாய்மொழியில் பாடியவர் வென்றார், பிறமொழியில் பாடியவர் தோற்றார் என்று தீர்ப்பளித்தல் மேடைக்கு உகந்தது. தோரு தத்துக்கு வீட்டுக் கல்வியே ஆங்கிலத்தில் வாய்த்தது என்பதை அத்தீர்ப்பு மறந்துவிடும். மேலும், ஊர் திரும்பியபின் தந்தையுடன் சமஸ்கிருதம் கற்று, சாவித்திரி, துருவன், பிரகலாதன் சரிதங்களை அவரும் பாடினார்; இருண்ட அறையில் குழந்தைகள் மூவர் தாய் பாடும் சீதை கதைக்குக் கண்ணீர் விடும் காட்சியையும் எழுதினார். அவையும் ஆங்கிலமே, எனினும் அங்கே குரல் மாறிவிடுகிறது.

அக்குரல் முற்றும் தெளிவது சவுக்கு மரத்துப் பாட்டில். பாக்மாரித் தோட்டத்து மரத்தைப் பெருங்கொடியொன்று பாம்பாகச் சுற்றியிருக்கிறது. அதன் நிழலில் விளையாடிய அண்ணனும் தமக்கையும் இன்று இல்லை. விடியற்பொழுதில் உச்சிக்கிளையில் சாம்பல்நிறக் குரங்கொன்று அசையாமல் அமர்ந்திருக்க, கீழ்க்கிளைகளில் குட்டிகள் தாவுகின்றன. யாப்பு மேனாட்டது, மொழி இரவல். அந்தக் குரங்கு மட்டும் எந்தப் பிரெஞ்சு வயலிலும் பொறுக்கியதன்று.