பரிசில் மறுப்பும் புலவர் எதிர்வினையும்: புறநானூற்றுப் பாடல்கள் சிலவற்றின் மறுவாசிப்பு

முன்னுரை

மலேசியாவில் எஸ்.டி.பி.எம். அல்லது மெட்ரிகுலேஷன் கல்வியை முடித்து, அரசுப் பல்கலைக்கழகங்களில் மருத்துவம், சட்டம், பொறியியல் முதலிய துறைகளை நாடுவோர் பலர். இடம் பெறுவோர் சிலர். விரும்பிய துறை மறுக்கப்பட்டு, விண்ணப்பப் பட்டியலின் இறுதியில் குறித்த துறைக்கு அனுப்பப்பட்ட மாணவர்கள் நம் தமிழ் வகுப்புகளிலும் அமர்ந்திருக்கின்றனர் என்பதை ஆசிரியர்கள் அறிவர். அவர்களுக்குத்தான் நாம் புறநானூற்றின் பரிசில் பாடல்களைக் கற்பிக்கின்றோம். மறுக்கப்பட்டோர் பாடிய பாடல்களை மறுக்கப்பட்டோரே பயில்கின்றனர். இந்நிலையில் அப்பாடல்களை நாம் எவ்வாறு விளக்குகின்றோம் என்பது பாடத்திட்டத்தோடு நின்றுவிடும் வினா அன்று.

பெருமிதம் என்னும் ஒற்றை விளக்கம்

இப்பாடல்களைப் பெரும்பாலும் ‘புலவர் பெருமிதம்’ என்னும் ஒரே தலைப்பின்கீழ் அடக்கிவிடுகின்றோம். வறுமையிலும் தலைவணங்காத புலவர், தகுதி அறியாத மன்னர் என்னும் இரு பாத்திரங்களோடு பாடம் முடிந்துவிடுகின்றது. தேர்வு விடைத்தாளுக்கு இது போதுமானது. ஆனால், பாடல்களைக் கூர்ந்து நோக்கும்பொழுது அவற்றில் பெருமிதத்திற்கு முன்பாகவே மற்றொரு செயல் நிகழ்வதைக் காண்கின்றோம். தமக்கு நேர்ந்தது எத்தகைய மறுப்பு என்பதைப் புலவர் முதலில் வகைப்படுத்திக் கொள்கின்றார். அவரது எதிர்வினை அதன் பின்னரே பிறக்கின்றது. இப்பகுத்தறியும் திறனே பரிசில் பாடல்களின் உயிர்நாடி என்பது நம் கருத்தாகும்.

மறுப்பின் வகைகள்

ஒளவையார் அதியமான் நெடுமான் அஞ்சியிடம் பரிசில் நீட்டித்த சூழலில் பாடிய இரு பாடல்களை அருகருகே வைத்து நோக்குதல் தகும். 101ஆம் பாடலில் அவர் தம் நெஞ்சை ஆற்றுப்படுத்துகின்றார். பலநாள் சென்றாலும் முதல்நாள் போன்றே வரவேற்பவன் அவன். காலம் தாழ்ந்தாலும் அப்பரிசில், யானை தன் கொம்புகளுக்கிடையே வைத்த கவளம்போல் தப்பாது என்கின்றார். 206ஆம் பாடலிலோ வாயிற்காவலனை விளித்து, உன் தலைவன் தன்னையும் அறியானோ, என்னையும் அறியானோ என வினவி, யாழை எடுத்துக்கொண்டு புறப்படுகின்றார். தச்சனின் கைத்திறன் மிக்க சிறுவர் மழுவோடு காட்டிற்குச் சென்றால் அவர்களுக்கு மரத்திற்குக் குறைவில்லாததுபோல், எத்திசை சென்றாலும் தமக்குச் சோறு உண்டு என்பது அவர் துணிபு. புலவரும் புரவலனும் மாறவில்லை. சூழலைப் பற்றிய கணிப்பே மாறுகின்றது. தாமதம் வேறு, மறுப்பு வேறு என்னும் தெளிவு இவ்விரு பாடல்களையும் சேர்த்துப் படிக்கும்போதே கிட்டுகின்றது. மேலும், சினந்து எழுந்த ஒளவையாரே அதியமான் இறந்தபோது கையறுநிலை பாடி அழுதவர் என்பதும் (235) ஈண்டு நினைக்கத்தக்கது. வாயிலில் பிறந்த சினம் உறவின் முடிவாகிவிடவில்லை.

பெருஞ்சித்திரனார் காட்டுவது பிறிதொரு வகை. அதியமான் நேரில் காணாமலே பரிசிலைக் கொடுத்தனுப்ப, அதனை அவர் ஏற்க மறுக்கின்றார் (208). தாம் பொருளுக்காக மட்டும் வந்த வணிகர் அல்லர்; தம் தகுதியை அளந்தறிந்து தருவதாயின் தினையளவேனும் இனியது என்பது அவர் நிலை. இங்குப் பொருள் கிடைத்தும் அறிந்தேற்பு கிட்டவில்லை. தன்னைப் பற்றி எதுவும் கேளாமல் ஏதோவொரு துறையில் அமர்த்தப்பட்ட மாணவருக்கு இவ்வேறுபாட்டை நாம் விளக்க வேண்டியதில்லை.

இவற்றினும் நுண்ணியது ஆவூர் மூலங்கிழார், பாண்டியன் இலவந்திகைப்பள்ளித் துஞ்சிய நன்மாறனை நோக்கிப் பாடிய 196ஆம் பாடல். இயன்றதை இயலும் என்பதும், இயலாததை இல்லை என மறுப்பதும் ஆகிய இரண்டும் நட்பின்பாற்பட்டவை என்கின்றார் புலவர். இயலாததை இயலும் என்பதும், இயன்றதை இல்லை என்பதுமே இரப்போரை வாட்டி, புரப்போர் புகழையும் குறைக்கும். நேர்மையான மறுப்பு பகைமையன்று, அதுவும் ஓர் அறம் என இரந்து நிற்பவரே கூறுவது வியப்பிற்குரியது. மறுப்பவரின் கடமையைப் பற்றி இத்துணைத் தெளிவாகப் பேசும் பாடலை நாம் மாணவரின் பொறுமைக்கு மட்டும் பாடமாக்குவது பொருந்தாது. நிறுவனங்களுக்கும் அது பாடமாகும். ‘டுக்காசித்தா’ என வருத்தம் தெரிவித்து, காரணம் கூறாது முடியும் மறுப்புச் செய்தி மூலங்கிழாரின் அளவுகோலில் தேறுமா என்பது எண்ணத்தக்கது.

பழியை எங்கே வைப்பது?

மறுக்கப்பட்டவரை உள்ளிருந்து அரிப்பது, யார் குற்றம் என்னும் வினாவே. கழைதின் யானையார், வல்வில் ஓரியிடம், பரிசில் பெறாதோர் தாம் புறப்பட்ட வேளையையும் புள் நிமித்தத்தையும் பழிப்பரேயன்றிக் கொடாதவரைப் பழியார் என்கின்றார் (204). பெருந்தலைச் சாத்தனார், பழுத்த மரத்தை நாடிச் சென்று பழம் தீர்ந்தமையால் வறிதே திரும்பும் பறவைகளோடு தம்மை ஒப்பிட்டு, நீ ஈயாவிடினும் வருந்தேன், நோயின்றி வாழ்வாயாக என மூவனை வாழ்த்துகின்றார் (209). இவ்வாழ்த்தில் குத்தலும் கலந்திருக்கலாம். ஆயினும், இப்பாடல்களில் எவரும் ‘என் பாடல் பயனற்றது’ என்னும் முடிவுக்கு வரவில்லை என்பது முக்கியமானது. இடம் கிட்டாமை ஒரு நிகழ்வு. தகுதியின்மை ஒரு தீர்ப்பு. முன்னதிலிருந்து பின்னதை உடனே வருவித்துக்கொள்ளும் மாணவரே நம் கவலைக்குரியவர்.

ஒப்பீட்டின் எல்லை

எனினும், இவ்வொப்பீட்டை எல்லையின்றி நீட்டுதல் தவறாகும். முதலாவதாக, ஒளவையாருக்குப் பல வாயில்கள் இருந்தன. நம் மாணவருக்கு அரசுப் பல்கலைக்கழகம் என்பது பெரும்பாலும் ஒரே வாயில். தனியார் கல்லூரியின் கட்டணம் பல குடும்பங்களுக்கு எட்டாதது. 2002ஆம் ஆண்டில் இன ஒதுக்கீட்டுக்கு மாற்றாகத் தகுதி அடிப்படையிலான சேர்க்கை நடைமுறைக்கு வந்தது. ஆயினும், இரு வேறு தேர்வுகளின் வழி வருவோரை ஒரே அளவுகோலால் அளத்தல் இயலுமா என்னும் வினா அன்றுமுதல் தொடர்கின்றது. இச்சூழலில் எத்திசையும் சோறு உண்டு என மாணவரிடம் கூறுவது, ஆறுதல் என்னும் பெயரில் உண்மையை மறைப்பதாக முடியலாம்.

இரண்டாவதாக, நமக்குக் கிடைத்துள்ளவை தொகுக்கப்பட்ட பாடல்கள். தகுதிக் குறைவால் முறையாகவே மறுக்கப்பட்ட பாடுநர் எவரேனும் இருந்திருப்பின், அவர்தம் குரல் தொகை நூலுக்குள் இடம்பெற வாய்ப்பில்லை. ஆகவே, மறுக்கப்பட்டோர் அனைவரும் தகுதியுடையோரே என்னும் முடிவுக்குப் புறநானூறு சான்றாகாது. வாயில்கள் யாவும் கோணலானவை எனக் கருதித் தன் விடைத்தாளைத் திரும்பிப் பாராத மாணவரும், தன்னைப் பயனற்றவர் எனக் கருதும் மாணவரும் ஒரே பிழையைச் செய்கின்றனர். இருவரும் மறுப்பை வகைப்படுத்தவில்லை.

யானைக்குப் பின்

பெருஞ்சித்திரனாரின் வறுமை அணிநயமன்று. முதுமையுற்ற தாய், பல பிள்ளைகள் உண்டு வாட்டிய மார்பினளான மனைவி (159), வெறுங்கலங்களைத் திறந்து பார்க்கும் புதல்வன் (160) என அவர் இல்லத்தை அவரே காட்டுகின்றார். இத்தகையவர்தாம் இளவெளிமான் தந்த சிறு பரிசிலைக் கொள்ளாது சென்றார். குமணனிடம் யானை பெற்றுத் திரும்பி, அதனை இளவெளிமானின் ஊர்க் காவல்மரத்தில் கட்டி, இரவலரும் உளர், அவர்க்கு ஈவோரும் உளர், காண்க என்றார் (162). இக்காட்சி வகுப்பறையில் எப்பொழுதும் கைத்தட்டல் பெறும். வென்று காட்டிப் பழிதீர்க்கும் கனவு மறுக்கப்பட்ட ஒவ்வொருவருக்கும் உண்டு.

ஆனால், நம் பாடம் பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடுகின்றது. அடுத்த பாடலான 163இல் அதே புலவர் தம் மனைவியிடம், குமணன் தந்த வளத்தை விரும்பியோர்க்கும், சுற்றத்தார்க்கும், பசித்த நாளில் கைம்மாற்றுத் தந்தோர்க்கும், தம்மைக் கேளாமலே எல்லோர்க்கும் கொடுக்குமாறு கூறுகின்றார். வாயிலில் நின்றவர் இப்பொழுது தாமே ஒரு வாயிலாகின்றார். மறுப்பை அவர் எவ்வாறு கடந்தார் என்பதற்கு யானையினும் இதுவே வலிய சான்று எனலாம்.

முடிவுரை

பரிசில் பாடல்கள் மறுக்கப்பட்டவருக்குப் பொறுமையை மட்டுமோ பெருமிதத்தை மட்டுமோ கற்பிப்பன அல்ல. இது தாமதமா, அறியாமையா, இயலாமையா, அநீதியா எனப் பகுத்தறிந்த பின்னரே காத்திருத்தல், மேல்முறையிடுதல், வேறு வழி நாடுதல், தன் குறை களைதல் ஆகியவற்றுள் ஒன்றைத் தேர்தல் கூடும். இப்பகுப்பை மாணவர் தனித்துச் செய்தல் அரிது. வேட்கை மிகுந்தவருக்கு அது இன்னும் அரிது. ஆகவே, 206ஆம் பாடலை 101ஆம் பாடலோடும், 162ஆம் பாடலை 163ஆம் பாடலோடும் இணைத்துக் கற்பித்தல் நன்று. பெருமிதம் எது என எழுதச் சொல்லும் வினாவிற்குப் பதிலாக, இப்புலவர் எதிர்கொண்டது எவ்வகை மறுப்பு என்னும் வினாவை வகுப்பில் எழுப்பலாம். விடை கூறும் மாணவர் சிலர் தம் மடலையும் அவ்வாறே ஒருமுறை மீண்டும் வாசித்துப் பார்ப்பர்.