மாணிக்கம் விற்ற படலமும் மணிநோட்டமும்

பரஞ்சோதி முனிவர் அருளிய திருவிளையாடற் புராணத்துள் 17ஆவதாகிய மாணிக்கம் விற்ற படலத்தைப் பயில்வோருட் பலர், கதையை விரும்பிக் கேட்டு, மணிகளின் பிறப்பும் சாதியும் குணமும் குற்றமும் கூறும் செய்யுட்களை விரைந்து கடந்துவிடுகின்றனர். பத்திச் சுவையினிடையே இரத்தின நூலொன்றைச் செருகியது காவியக் குற்றம் என்பாரும் உளர். இக்கூற்று ஆராயத்தக்கது.

வேட்டைமேற் சென்ற வீரபாண்டியன் புலியால் மடிகின்றான். காமக்கிழத்தியர் மைந்தர் பொருளறைச் செல்வத்தையும் முடியையும் கவர்ந்தேகுகின்றனர். இளவரசனுக்கு முடி செய்ய மணியின்றி அமைச்சர் கலங்கி நிற்குங்கால், சோமசுந்தரக் கடவுள் வணிகராய் எழுந்தருளி நவமணி காட்டுகின்றார். களவால் வறுமையுற்றோர்க்கு, முன்பின் அறியாத வணிகர் நீட்டும் மணி மெய்ம்மணியோ போலியோ என்னும் ஐயம் எழுதல் இயல்பே. ஆதலின் மணியிலக்கணம் அவ்விடத்திற்கு வேண்டுவதேயாம். மதிப்பிடற்கரிய முதல்வர் தாம் கொணர்ந்த பொருளைப் பிறர் மதிப்பிடுமாறு நின்றருளுகின்றார். படலத்தின் உயிர் இதுவே.

சிலப்பதிகாரத்து ஊர்காண் காதையும் மதுரை மணிவீதியைக் காட்டுகின்றது. வயிரத்தின் காகபாதம், களங்கம், விந்து, ஏகை என்னும் குற்றங்களையும் மாணிக்கத்தின் நால்வகையையும் இளங்கோவடிகள் சில அடிகளில் அமைத்தனர். வீதி காணச் சென்ற கோவலன் கண்ணுக்கு அது போதும். விற்போர் வாய்மொழியாக வரும் படலத்திற்கோ விரிவு பொருந்துகின்றது.

எனினும் விரிவு முழுதும் ஒரு தரத்ததன்று. அணிவோர் பெறும் பயன் கூறும் செய்யுட்கள் பழைய மணிநூல் வழக்கினை வாங்கிவைத்தனவேயன்றிக் கதைக்கு உரம் தருவனவல்ல. முத்துப் பிறக்கும் இடங்களாக முகில், மூங்கில், பாம்பின் தலை, பன்றிக்கோடு முதலாக எண்ணப்பட்ட பதின்மூன்றனுள், இப்பியும் சங்குமே இன்றைய ஆராய்ச்சிக்கு ஒத்து நிற்பன.

மற்றொரு சாரார், புராணம் விஞ்ஞானத்தை முன்னரே மொழிந்தது என்று நிறுவ முயல்வர். மாணிக்கமும் நீலமும் குருந்தம் என்னும் ஒரே கல்லின் இருவகை. சிறிது குரோமியம் கலப்பின் செம்மையும், இரும்பும் தைட்டானியமும் கலப்பின் நீலமும் தோன்றும். (மேனாட்டார் வழங்கும் ‘கொரண்டம்’ என்னும் பெயர் நம் குருந்தத்தினின்று சென்றதே.) வலன் என்னும் அசுரனது குருதி மாணிக்கமும் கண் நீலமும் ஆயின என்று படலம் கூறுதலின், ஓருடற் பிறப்பால் இவ்வொருமை குறிக்கப்பட்டது என்பது அன்னோர் வாதம். அவ்வுடலினின்றே பல் முத்தாகவும் பித்தம் மரகதமாகவும் எலும்பு வயிரமாகவும் ஆயின என்பதை அவர் மறந்தனர். எல்லாவற்றையும் ஒன்றாக்கும் சான்று எதனையும் நிறுவாது.

படலத்தின் மணிநோட்டத்தில் இன்றும் நிலைத்து நிற்பது, நிறம் ஒளி குற்றம் ஆகியவற்றைக் கண்டு விலை துணியும் முறையே. 1902இல் வெர்நூய் என்னும் பிரெஞ்சு அறிஞர் தீயில் உருக்கி மாணிக்கம் ஆக்கும் முறையை வெளியிட்டபின் இந்நோட்டம் புதியதொரு திருப்பம் பெற்றது. அச்செயற்கைக் கல்லும் குருந்தமே. நிறத்தாலும் கடினத்தாலும் வேறுபடாது. அதனுள் காணும் வளைந்த கோடுகளும் காற்றுக் குமிழிகளுமே அதனைக் காட்டிக்கொடுக்கும். நிலத்திற் பிறந்த மணிக்கோ, முன்னோர் குற்றமென்று ஒதுக்கிய நுண்ணிய உள்ளிழைகளே பிறப்புச் சான்றாகின்றன. கண்ணுக்குப் புலனாம் களங்கம் விலையைக் குறைத்தல் மட்டும் அன்றுபோலவே இன்றும் உளது. சூடேற்றி நிறம் திருத்தப்படாத மாணிக்கம் மிக்க விலை பெறுவதும் இம்முறைபற்றியே.

இனி, வலன் வரலாறு. போரில் வெல்ல இயலாத இந்திரன் வேண்ட, வேள்விப் பசுவாகத் தன் உடலையே மறாது கொடுத்தவன் அவன். பசு என்னும் சொல்லைப் பற்றிக்கொண்டு ஒன்பது மணிக்கும் ஒன்பது தத்துவம் கற்பித்தல் வேண்டா. அது வலிந்து கொள்ளும் பொருளாம். கதைத் தொடர்ச்சியே போதியது. தந்தையின் பொருளைக் கவர்ந்தோடிய மைந்தரைக் கூறிய முனிவர், பகைவனுக்கும் தன் உடலை ஈந்த அசுரனை அதே படலத்தில் நிறுத்தினர். மணிச் செய்யுட்களைக் கடந்து செல்வோர்க்கு இவ்வெதிர்நிலை புலப்படாது. அபிடேக பாண்டியன் என்று பெயரிடுமாறு வணிகர் பணித்த அவ்விளவரசன் முடியில் ஏறியவை, களவிற் போன மணிகளல்ல, கொடையிற் பிறந்தவை.