திரட்டியவர் யாரோ?

குருமடத்தில் இறையியல் பயின்ற நாள்முதல் நாம் எழுதிவரும் குறிப்பேடுகள் பதினொன்று நம் அலமாரியில் உள்ளன. படித்தவற்றுள் நெஞ்சைத் தொட்ட வரிகள் மட்டுமே அவற்றில் இடம்பெறும். இரவில் ஒரு நூலைப் படித்துக்கொண்டே செல்கையில் ஓரிடத்தில் கண் நின்றுவிடும். மேலே செல்ல மனம் வராது. எழுந்து பேனாவைத் தேடி அவ்வரியை எழுதி முடித்த பின்னரே உறக்கம் வரும். அச்சில் கண்டது நம் கையெழுத்துக்கு மாறியதும், நமக்கென்றே வந்த கடிதம்போல் ஆகிவிடுகிறது. வாசகர் பலரும் இவ்வின்பத்தை அறிந்திருப்பர்.

இவ்வின்பத்தில் தோய்ந்த ஒருவர் ஏறத்தாழப் பதினைந்தாம் நூற்றாண்டில் தமிழகத்தில் வாழ்ந்தார். அவர் தொகுத்ததே புறத்திரட்டு. பல நூல்களிலிருந்து தமக்கு உவப்பான 1570 பாடல்களைத் தேர்ந்து, திருக்குறளின் பகுப்பை ஒட்டித் தலைப்புகள் அமைத்து அவர் வரிசைப்படுத்தினார். எஸ். வையாபுரிப்பிள்ளை அதனைப் பதிப்பிக்க, 1938-ஆம் ஆண்டு சென்னைப் பல்கலைக்கழகம் வெளியிட்டது. இன்றைய மொழியில் சொன்னால், அது ஒரு நல்ல வாசகரின் குறிப்பேடு.

தர்மபுரி மாவட்டத்தில் வாழும் நமக்கு அந்நூலோடு தனி உறவு உண்டு. தர்மபுரியின் பழம்பெயர் தகடூர். அதியமான் நெடுமான் அஞ்சி ஆண்ட இவ்வூர்மீது சேரன் பெருஞ்சேரல் இரும்பொறை படையெடுத்து வந்தான். அப்போரைப் பாடிய நூல் தகடூர் யாத்திரை. நூல் முழுவதும் அழிந்துபோயிற்று. எஞ்சியவற்றுள் 40-க்கும் மேற்பட்ட பாடல்கள் புறத்திரட்டின் வாயிலாகவே நமக்குக் கிடைத்துள்ளன. உரையாசிரியர் நச்சினார்க்கினியரின் மேற்கோள்களால் வேறு சில பிழைத்தன. சேலம் சாலையில் அதியமான்கோட்டையைக் கடந்து செல்லும்போதெல்லாம் இது நம் நினைவுக்கு வரும். மதில் காக்காத ஒன்றை ஓர் ஏட்டுச்சுவடி காத்திருக்கிறது. முத்தொள்ளாயிரத்தின் நூற்றுக்கு மேற்பட்ட வெண்பாக்களும் இவ்வாறே தப்பின.

இத்தனையும் செய்தவர் தம் பெயரை எங்கும் விட்டுச்செல்லவில்லை. ஆனால் பாடல் எந்த நூலுக்குரியது என்பதைக் குறித்து வைத்தார். அவருடைய பெருமை இதில்தான் உள்ளது என்பது நம் கருத்து. அக்குறிப்பு இல்லையேல் இன்று நம் கையில் ஊரும் பேருமற்ற போர்ப்பாடல்கள் சில இருந்திருக்கும். தகடூர் யாத்திரை இருந்திராது.

இதைச் சொல்ல நமக்குத் தகுதி குறைவு. சமாதானத்தின் கருவியாக்க வேண்டும் என இறைவனிடம் கேட்கும் அழகிய மன்றாட்டை நாம் எல்லாரும் அறிவோம். நம் இரண்டாம் குறிப்பேட்டில் அதன்கீழ் ‘அசிசி பிரான்சிஸ்’ என்று எழுதி, பல்லாண்டுகள் மறையுரையிலும் அவ்வாறே கூறிவந்தோம். ஒருநாள் திருப்பலி முடிந்தபின் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், “சுவாமி, அவர் எழுதிய எந்த நூலில் இது வருகிறது?” எனப் பணிவோடு கேட்டார். தேடினோம். பதின்மூன்றாம் நூற்றாண்டுப் புனிதருடைய எழுத்துகளில் அது இல்லை. 1912-ஆம் ஆண்டு பாரிஸிலிருந்து வெளிவந்த சிறிய பிரெஞ்சு மாத இதழ் ஒன்றில், எழுதியவர் பெயரின்றியே முதன்முதலில் அது அச்சாயிற்று. பின்னர் அசிசியாரின் படத்துக்குப் பின்புறம் அச்சிடப்பட்டதால் அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது. மன்றாட்டின் இனிமை இதனால் சிறிதும் குறையவில்லை. நம் முகந்தான் சற்றுக் கறுத்தது.

புறத்திரட்டிலும் குறை இல்லாமல் இல்லை. ஐம்பெருங்காப்பியங்களுள் ஒன்றான வளையாபதியில் நமக்குக் கிட்டியவை எழுபதைச் சுற்றிய பாடல்களே. பெரும்பாலானவை இத்திரட்டு தந்தவை. திரட்டியவர் அறக்கருத்துகளை நாடியவர் ஆதலின், நிலையாமையும் ஒழுக்கமும் பேசும் பாடல்களையே எடுத்துக்கொண்டார். கதை போய்விட்டது. ஒரு காப்பியம் நீதிநூல்போல் நம்முன் நிற்கிறது. யார், யாரிடம், எந்தத் துயரில் அவ்வறத்தைச் சொன்னார் என்பதை இனி எவரிடம் கேட்பது?

நம் இல்லங்களின் நாள்காட்டிகளும் இதையே செய்கின்றன. எரேமியா நூலின் 29-ஆம் அதிகாரத்தில் நல்ல எதிர்காலத்தை உறுதிசெய்யும் 11-ஆம் வசனம் எத்தனையோ சுவர்களில் தொங்குகிறது. பாபிலோனுக்கு நாடுகடத்தப்பட்டோருக்கு எழுதிய கடிதத்தில் வருவது அது. அதற்கு முந்தைய வசனமோ எழுபது ஆண்டுகள் ஆகும் என்கிறது. அதைத் தாளில் அச்சிடுவோர் அரிது.

எனினும் மேற்கோளைக் குறைத்து மதிப்பிட நமக்கு மனமில்லை. மிலேத்துவில் எபேசு மூப்பர்களிடம் விடைபெறும் புனித பவுல், பெறுவதையும் கொடுப்பதையும் ஒப்பிட்டு ஆண்டவர் கூறிய சொல் ஒன்றை நினைவூட்டுகிறார் (திருத்தூதர் பணிகள் 20:35). அச்சொல் நான்கு நற்செய்திகளிலும் இல்லை. யாரோ நெஞ்சில் குறித்து வைத்தது, ஒரு பிரிவுரையில் மேற்கோளாகி நம்மை வந்தடைந்தது.

இத்தவக்காலத்தில் பதினொரு குறிப்பேடுகளையும் மீண்டும் எடுத்து, ஒவ்வொரு வரியின் கீழும் நூற்பெயரும் பக்க எண்ணும் எழுதத் தொடங்கியுள்ளோம். இயன்ற இடங்களில் அவ்வரிக்கு முன்னும் பின்னும் உள்ள பத்தியையும் படித்துவிடுகிறோம். நான்காம் ஏடுவரை வந்திருக்கிறோம். மூலம் கிடைக்காத வரிகளுக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு வட்டம் மட்டும் போட்டு வைத்துள்ளோம். வட்டங்கள் நாம் எதிர்பார்த்ததைவிட மிகுதி.