இலவச மடிக்கணினிக்குள் இரண்டு இயங்குதளங்கள்

இயங்குதளங்களை ஒப்பிடும் கட்டுரைகள் பெரும்பாலும் ஒரு அட்டவணையில் போய் முடியும். வேகம், பாதுகாப்பு, விலை, கேம்ஸ், அழகு என்று ஒவ்வொன்றுக்கும் ஐந்துக்கு இத்தனை மதிப்பெண். படிக்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அதைப் படித்துவிட்டு ஒருவர் விண்டோஸை விட்டு லினக்ஸுக்கோ, லினக்ஸை விட்டு மேக்குக்கோ மாறியதாக நான் பார்த்ததில்லை. மனுஷங்க அப்படித் தேர்ந்தெடுக்கிறதில்லை. பின்னே எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள்? அதைப் பார்க்க நம்மூரிலேயே ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது.

தமிழக அரசின் இலவச மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கியது. அப்போதைய முதல்வர் ஜெயலலிதா, எங்கள் ஸ்ரீரங்கம் தொகுதியின் எம்.எல்.ஏ.வும்கூட. அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளி, அதே வகைக் கல்லூரி மாணவர்களுக்கு எல்காட் வாங்கிக் கொடுத்த பெட்டி அது. ஆரம்ப காலப் பெட்டிகளில் 2 ஜிபி ராம், 320 ஜிபி ஹார்ட் டிஸ்க். ஆன் செய்தால் முதலில் ஒரு கேள்வி வரும்: விண்டோஸா, பாஸ் லினக்ஸா?

இதைவிட நியாயமான போட்டி அமைவது கஷ்டம். ஒரே பெட்டி. வாங்கிய பிள்ளைக்கு இரண்டுமே ஓசி. பல வீடுகளில் அதுதான் முதல் கணினி, அதனால் பழக்கதோஷமும் கிடையாது.

தாளில் யார் கெட்டி?

விண்டோஸ் பக்கம் இருந்தது விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர். மைக்ரோசாஃப்ட் சின்ன, மலிவான கணினிகளுக்கென்று செய்த கத்தரித்த பதிப்பு. 32-பிட் மட்டும். 2 ஜிபிக்கு மேல் ராம் போட்டாலும் எடுத்துக்கொள்ளாது. டெஸ்க்டாப் பின்னணிப் படத்தை மாற்றும் வசதியைக்கூட எடுத்துவிட்டார்கள். பதினேழு வயதுப் பையனிடம் கணினியைக் கொடுத்து, வால்பேப்பரை மாற்றாதே என்று சொல்லும் இயங்குதளம்!

இன்னொரு பக்கம் பாஸ், அதாவது பாரத் ஆப்பரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ். மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் டெபியன் லினக்ஸை அடிப்படையாக வைத்துச் செய்தது. முதல் பதிப்பு 2007-ல் வந்தது. வால்பேப்பர் மாற்றலாம், ராம் வரம்பு போன்ற கத்தரிப்பு கிடையாது. ஆபீஸ் தொகுப்பும் இந்திய மொழிகளில் தட்டச்சு செய்யும் வசதியும் கூடவே வந்தன. சி, சி++ கற்கும் மாணவனுக்கு ஜிசிசி கம்பைலரும் காசில்லாமல் கிடைத்தது.

அந்தக் காலத்தில் பென்டிரைவ் வைத்திருந்தவர்களுக்கு ஷார்ட்கட் வைரஸ் நினைவிருக்கும். ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து செருகினால் எல்லா ஃபோல்டரும் ஷார்ட்கட்டாக மாறியிருக்கும். "போச்சு, ப்ராஜெக்ட் பூரா போச்சு" என்று அலறுவார்கள். உண்மையில் கோப்புகள் எங்கேயும் போகவில்லை. மறைக்கப்பட்டவை என்ற குறி மட்டும் போட்டிருக்கும். லினக்ஸ் அந்தக் குறியைக் கண்டுகொள்ளாது. அதே மடிக்கணினியை மறுபடி ஆன் செய்து பாஸுக்குள் போய்ப் பார்த்திருந்தால் எல்லாம் அப்படியே இருந்திருக்கும். மருந்து வீட்டிலேயே இருந்தது. யாரும் சொல்லவில்லை.

அட்டவணை போட்டால், அந்தப் பெட்டியைப் பொறுத்தவரை பாஸ் ஜெயித்திருக்க வேண்டும்.

ஜெயித்தது மூன்றாவது ஆள்

கணக்கெடுப்பு எதுவும் நான் நடத்தவில்லை. உத்தர வீதி, சித்திரை வீதி, அம்மா மண்டபம் சாலைப் பக்கத்துப் பிள்ளைகள் வருஷக்கணக்கில் "கொஞ்சம் பாருங்க சார்" என்று கொண்டுவந்த பெட்டிகளை வைத்துச் சொல்கிறேன். பெரும்பாலானவற்றில் பாஸ் இருந்த இடம் அழிக்கப்பட்டு இன்னொரு டிரைவாகி, சினிமா நிரம்பியிருக்கும். கூடவே இன்னொன்றும் இருக்காது: விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர். அரசு கொடுத்த இரண்டுமே வெளியே. உள்ளே இருந்தது, சர்வீஸ் கடையில் இருநூறோ முந்நூறோ வாங்கிக்கொண்டு போட்டுக் கொடுத்த விண்டோஸ் 7 அல்டிமேட், உரிமம் இல்லாத காப்பி.

இரண்டு பேர் ஓடிய பந்தயத்தில் பட்டியலிலேயே இல்லாதவர் முதலில் வந்திருக்கிறார். ஏன் என்பதுதான் கேள்வி.

"லினக்ஸ் கஷ்டம்" என்பது வழக்கமான பதில். அது பாதிதான் உண்மை. அன்றைக்கு இணையத்துக்கு யூஎஸ்பி டேட்டா கார்டுதான் வழி. அதைச் செருகினால் விண்டோஸில் தானாக ஒரு ஜன்னல் திறக்கும். லினக்ஸில் அதை மோடமாக மாற்றத் தனியாக ஒரு நிரல் வேண்டியிருந்தது. முதல் நாளே நெட் வரவில்லை என்றால் ஒரு பிளஸ் டூ மாணவி அந்தப் பக்கம் ஏன் திரும்பப் போகிறாள்? இது பாஸின் நிஜமான குறை. மழுப்ப வேண்டியதில்லை.

ஆனால் ஸ்டார்ட்டரிலும்தான் வால்பேப்பர் மாறவில்லை. அங்கே என்ன நடந்தது? வகுப்பில் பக்கத்துப் பெஞ்சுப் பையன் "அல்டிமேட் போடு மச்சி" என்றான். சத்திரம் பேருந்து நிலையத்துப் பக்கம் போனால் போட்டுக் கொடுக்க ஆள் இருந்தது. விண்டோஸில் ஒரு குறை வந்தால் தெருவில் நாலு பேருக்கு விடை தெரியும். லினக்ஸில் வந்தால் ஒருத்தருக்கும் தெரியாது. குறை இரண்டிலும் இருந்தது, பதில் ஒரு பக்கம்தான் இருந்தது.

கல்லூரியும் இதில் சேர்த்தி. டர்போ சி++ 1990-களின் தொடக்கத்து மென்பொருள். அந்த நீலத் திரையில்தான் ரெக்கார்டு நோட்டு எழுத வேண்டும் என்று எத்தனையோ ஆய்வகங்களில் வற்புறுத்தினார்கள். ஜிசிசியில் எழுதினால் தலைப்பு வரிகளே கொஞ்சம் மாறும். "சிலபஸ்ல இப்படி இல்லையே" என்பார்கள். மதிப்பெண் எந்த இயங்குதளத்தில் கிடைக்கிறதோ, பிள்ளைகள் அங்கேதான் போவார்கள்.

தமிழில் எழுத உட்கார்ந்தால்

எனக்கு இயங்குதளம் என்பது முதலில் தமிழ் எழுதும் பலகை. நான் தட்டச்சு செய்வதில் பாதி கல்வெட்டுப் பாடங்கள். தென்னிந்தியக் கல்வெட்டுகள் வரிசையில் 24-ஆம் தொகுதி முழுக்க ஸ்ரீரங்கம் கோயில் கல்வெட்டுகள்தான். அதில் ஒரு பக்கத்தைத் திறந்தாலே தமிழோடு கிரந்தமும் வரும், மா, காணி என்று நில அளவுப் பின்னங்களும் வரும். கிரந்தம் யூனிகோடில் 2014-ல் சேர்ந்தது. தமிழ்ப் பின்னங்களும் பழைய குறியீடுகளும் 2019-ல். ஆகவே கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று: அடிக்க முடிகிறதா, தெரிகிறதா, பழைய கோப்பு திறக்கிறதா?

அடிப்பது. விண்டோஸ் 2000-லேயே லதா எழுத்துருவோடு தமிழ் வந்துவிட்டது. ஆனால் ரொம்ப காலம் கூடவே வந்த விசைப்பலகை இன்ஸ்கிரிப்ட் மட்டும்தான். தமிழக அரசு 1999-ல் ஏற்ற தமிழ்99 விண்டோஸுக்குள் வந்து சேரப் பல ஆண்டுகள் ஆயின. அந்த இடைவெளியை இ-கலப்பை, அழகி, என்எச்எம் ரைட்டர் என்று நம்மவர்கள் நிரப்பினார்கள். லினக்ஸில் எம்17என் தொகுப்பை நிறுவினால் தமிழ்99, ஒலியியல், தட்டச்சு முறை எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும். மேக்கில் முத்து நெடுமாறன் வடிவமைத்த இணைமதி எழுத்துருவும் அஞ்சல், தமிழ்99 விசைப்பலகைகளும் முன்பே இருந்தன. மூன்றில் மெருகு அதிகம் என்று கேட்டால் மேக்தான். விலையைப் பார்த்தால் அது இந்தப் போட்டியிலேயே இல்லை.

இங்கே ஒரு முரண். விண்டோஸ் விட்ட குறையை நிரப்ப நம்மவர்கள் எழுதிக் கொடுத்த கருவிகளே மக்களை விண்டோஸில் உட்கார வைத்தன. என்எச்எம் ரைட்டருக்குப் பழகிய கை லினக்ஸுக்கு வந்தால் முதலில் தேடுவது என்எச்எம் ரைட்டரை. அது அங்கே இல்லை என்றதும் "லினக்ஸ்ல தமிழ் அடிக்க முடியாது" என்று முடிவு கட்டிவிடும். முடியும், அதன் பேர் வேறு, அவ்வளவுதான்.

தெரிவது. கிரந்தத்துக்கும் பின்னங்களுக்கும் நோட்டோ எழுத்துருக்கள் போதும். டெபியனில் ஒரு தொகுப்பாக நிறுவலாம். விண்டோஸிலும் இறக்கிப் போட்டுக்கொள்ளலாம். இதில் பெரிய வித்தியாசம் இல்லை.

பழைய கோப்பு. இங்கேதான் லினக்ஸ் எனக்கு முதலிடம். 2000 வாக்கில் பலர் தகுதரம் என்ற டிஸ்கி முறையில் எழுதிவைத்தார்கள். இன்று திறந்தால் வெறும் பூச்சி எழுத்து. லினக்ஸின் அடிப்படை நிரலகத்திலேயே டிஸ்கியைப் புரிந்துகொள்ளும் திறன் உண்டு. ஐகான்வ் என்ற ஒரு வரிக் கட்டளையில் யூனிகோடுக்கு மாற்றிவிடலாம். வானவில், ஸ்ரீலிபி கோப்புகளுக்கு இது உதவாது. அவற்றுக்குத் தனி மாற்றிகள் வேண்டும். நம்மூர் டிடிபி கடைகளில் கல்யாணப் பத்திரிகையும் கோயில் உற்சவ நோட்டீஸும் பேஜ்மேக்கரில் இந்த எழுத்துருக்களில்தான் வளர்ந்தன. அந்தக் கடைக்காரரிடம் போய் "லினக்ஸுக்கு மாறுங்க" என்பது அவருடைய இருபது வருஷக் கோப்புகளைத் தூக்கிப் போடச் சொல்வது மாதிரி. அவர் மாறாததில் ஒரு தப்பும் இல்லை.

கேரளத்தில் மட்டும் எப்படி?

இதே லினக்ஸ் பக்கத்து மாநிலப் பள்ளிகளில் வேரூன்றியது. கேரளத்தின் ஐடி@ஸ்கூல் திட்டம், இப்போது கைட், பாடநூல், ஆசிரியர் பயிற்சி, செய்முறைத் தேர்வு எல்லாவற்றையும் கட்டற்ற மென்பொருள் மீது அமைத்தது. ஆசிரியருக்குத் தெரிந்தது, தேர்வில் கேட்டார்கள், அதனால் பிள்ளைகளுக்கும் தெரிந்தது.

நம்மிடமும் முயற்சி இல்லாமல் இல்லை. சி. உமாசங்கர் எல்காட்டின் நிர்வாக இயக்குநராக இருந்தபோது, 2007 வாக்கில், அரசுக் கணினிகளில் சூசே லினக்ஸ் புகுந்தது. பிளஸ் டூ கணினிப் பாடத்தில் ஸ்டார் ஆபீஸ் இருந்தது. 2018-ல் வந்த புதிய பதினோராம் வகுப்புப் பாடநூலில் விண்டோஸுக்குப் பக்கத்தில் உபுண்டுவும் இருக்கிறது. ஆனால் பாடநூல் ஒரு பக்கம், கொள்முதல் ஒரு பக்கம், ஆய்வகம் ஒரு பக்கம் என்று தனித்தனியாக ஓடின. மடிக்கணினியில் பாஸ் வந்தபோது அதே வகுப்பில் பாஸ் சொல்லிக்கொடுத்த ஆசிரியர் எத்தனை பேர்? டிஸ்கில் இடம் ஒதுக்கினார்கள், பாடவேளையில் ஒதுக்கவில்லை.

பாஸ் மீது என் விமர்சனமும் இதுவே. டெபியனையே எடுத்து இன்னொரு பேர் சூட்டுவதில் செலவான உழைப்பில் ஒரு பங்கு, ஊருக்கு ஊர் ஆள் தயாரிப்பதில் போயிருக்கலாம். விழுப்புரத்தில் விஜிஎல்யுஜி என்ற தன்னார்வக் குழு கிராமப்புற மாணவர்களுக்கு லினக்ஸ் கற்றுக்கொடுக்கிறது. கணியம், தமிழிலேயே இதற்கான கட்டுரைகளையும் நூல்களையும் இலவசமாக வெளியிட்டு வருகிறது. தெருவில் பதில் சொல்ல ஆள் வேண்டும் என்றேனே, அந்த ஆளை இவர்கள்தான் உண்டாக்குகிறார்கள்.

இப்போது ஏன் இந்தப் பேச்சு?

விண்டோஸ் 7-க்கு ஆதரவு 2020 ஜனவரி 14-ல் முடிந்தது. விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ல். விண்டோஸ் 11 கேட்கும் குறைந்தபட்ச ராம் 4 ஜிபி, கூடவே டிபிஎம் 2.0 சிப். பழைய இலவச மடிக்கணினி இதில் எதற்கும் தேறாது. "தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்கு" என்பார் கடைக்காரர். தம்பி தங்கைக்கு அதுதான் கணினி என்றிருக்கும் வீட்டில் இது லேசான பேச்சு இல்லை. பேங்க் வேலை, ஆன்லைன் விண்ணப்பம், ஆதார் பிரிண்ட் எல்லாம் பாதுகாப்புத் திருத்தம் வராத, உரிமமும் இல்லாத ஒரு விண்டோஸில் நடந்துகொண்டிருக்கிறது.

என்னைக் கேட்டால் இப்படிச் சொல்வேன். டேலியும் பழைய எழுத்துருக்களும் பிழைப்பாக இருப்பவர் விண்டோஸிலேயே இருக்கட்டும், உரிமத்தோடு. கையில் காசும் எழுத்து வேலையும் இருப்பவருக்கு மேக் சுகம். இருக்கிற பழைய பெட்டியில் படிக்க, எழுத, விண்ணப்பிக்க மட்டும் வேண்டுமென்றால் டெபியனோ லுபுண்டுவோ, எக்ஸ்எஃப்சிஇ போன்ற லேசான முகப்போடு. ஹார்ட் டிஸ்கை எடுத்துவிட்டு ஒரு சின்ன எஸ்எஸ்டி போட்டால் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். போடுவதற்கு முன் போட்டோக்களை வேறிடத்தில் காப்பி எடுத்துக்கொள்ளுங்கள்.

போட்டுக் கொடுப்பவருக்கும் ஒரு வார்த்தை. நிறுவிக் கொடுத்துவிட்டு நகராதீர்கள். தமிழ்99 எங்கே இருக்கிறது, பிரிண்டர் எப்படி, பென்டிரைவ் எங்கே தெரியும் என்று அரை மணி நேரம் உட்கார்ந்து காட்டுங்கள். உங்கள் போன் நம்பரையும் கொடுங்கள். 2011-ல் அந்தப் பெட்டியோடு வராமல் போனது அந்த நம்பர்தான்.

எம்17என் நிறுவும் முறையையும், டிஸ்கி கோப்புகளை மாற்றும் கட்டளையையும் அடுத்த குறிப்பில் படிப்படியாக எழுதுகிறேன். உங்களிடம் எந்த எழுத்துருவில் என்று தெரியாத பழைய கோப்பு இருந்தால் ஒரு பக்கத்தை அனுப்புங்கள், சேர்ந்து பார்க்கலாம்.