நூறு கெஜத்தின் சௌகரியம்

அமெரிக்காவில் தங்கள் தோட்டாவைத் தாங்களே நிரப்பிக்கொள்ளும் ரைஃபிள்காரர்கள், புது வெடிமருந்தளவைச் சோதிக்கப் பெரும்பாலும் 100 கெஜத்தில்தான் காகிதத்தை மாட்டுகிறார்கள். பல சுடுதளங்களில் அதற்கு மேல் இடமில்லை. கணக்கும் எளிது: ஒரு மினிட் கோணம் அங்கே ஏறத்தாழ 1 அங்குலம். காற்றும் பெரிதாகக் கெடுக்காது. பென்சில்வேனியாக் காட்டுக்கு மான் வேட்டைக்குப் போகிறவருக்கு இதுவே தாராளம்.

சிக்கல் தொலைதூரப் போட்டிக்காரருக்குத்தான். .308 ரைஃபிளில் 175 கிரெயின் குண்டு விநாடிக்கு 2,600 அடி வேகத்தில் கிளம்புகிறது என்று வைத்துக்கொள்வோம். தோட்டாவுக்குத் தோட்டா 50 அடி வேகம் மாறினால், 100 கெஜத்தில் உயரம் அங்குலத்தில் பத்தில் ஒரு பங்குதான் மாறும். துளையின் அகலத்துக்குள்ளேயே அது மறைந்துவிடும். 1,000 கெஜத்தில் அதே வித்தியாசம் ஓர் அடியைத் தாண்டும்.

இதற்கு நேர்மாறான வேடிக்கையை இங்கிலாந்தின் பிஸ்லி சுடுதளம் கண்டிருக்கிறது. லீ-என்ஃபீல்டின் போல்ட் பின்பக்கம் பூட்டுவதால் சுடும்போது குழல் மேல்நோக்கி அசையும். மெதுவான குண்டு சற்றுத் தாமதித்து, குழல் இன்னும் உயர்ந்திருக்கையில் வெளியேறும். வழியில் இழக்கும் உயரத்தை அந்தக் கூடுதல் கோணம் ஈடுகட்டிவிடும். கிட்டத்தில் சுமாரான துப்பாக்கி எட்டத்தில் அசத்தியது. 100 கெஜக் காகிதத்தை மட்டும் நம்பியவர் அதை மூலையில் சாத்தியிருப்பார்.

அதற்காக எடுத்தவுடன் 300 கெஜத்துக்கு ஓடுவதும் சரியில்லை. அந்தத் தூரத்தில் செய்யும், கிரெய்ட்டன் ஆடெட்டின் பெயரோடு வழங்கும் ஏணிச் சோதனையில் மருந்தைச் சிறுகச் சிறுகக் கூட்டி, அளவுக்கு ஒரு குண்டு சுடுகிறார்கள். அடுத்தடுத்த துளைகள் ஒரே உயரத்தில் திரண்டால் அதுதான் நல்ல அளவாம். யோசனை அழகு, ஆதாரம் நோஞ்சான். இயல்பாகவே ஒரு மினிட் சிதறும் ரைஃபிள் அங்கே 3 அங்குலம் சிதறும். மூன்று துளைகள் அருகருகே விழுந்தது மருந்தின் குணமா, தற்செயலா? ஒற்றைக் குண்டை வைத்துச் சொல்ல முடியாது. ஏணியில் உயரம் மட்டுமே கணக்கு என்பதால் காற்றையாவது மன்னிக்கலாம். அதே தூரத்தில் ஐந்து குண்டுகளின் சிதறலை அளப்பவருக்கு அந்தச் சலுகையும் கிடையாது. மணிக்கு 10 மைல் குறுக்குக்காற்று குண்டை ஏறத்தாழ அரை அடி தள்ளிவிடும்.

இப்போது மேசைமேல் வைக்கும் ரேடார் வேகமானி, வேகச் சிதறலை அங்கேயே சொல்லிவிடுகிறது. தூரத்தை நாட இருந்த பெரிய காரணம் அதனால் வலுவிழந்துவிட்டது. ஆனால் குழலசைவின் ஈடுகட்டல் வேகமானிக்குத் தெரியாது. ஆகவே என் கட்சி இது: 100 கெஜத்தில், அளவுக்குப் பத்துக் குண்டாவது சுட்டு, வேகத்தையும் அளந்து, தேறாதவற்றைக் கழித்துவிட வேண்டும். மிஞ்சும் ஒன்றிரண்டை மட்டும் போட்டி நடக்கும் தூரத்துக்கு, ஒஹையோவின் கேம்ப் பெரிக்குப் போகிறவர் என்றால் 600 கெஜத்துக்கு, காற்று எழும் முன் விடியற்காலையில் கொண்டுபோகலாம்.