இல்லை என்பதும் தெரியாது என்பதும்

அக்னாஸ்டிக் என்பவன் தைரியம் போதாத நாத்திகன் என்றார் நண்பர் ஒருவர். என்னைக் குறித்துத்தான் சொன்னார். சந்தர்ப்பத்தைப் பின்னால் சொல்கிறேன். அவர் மார்க்ஸியர். குற்றச்சாட்டும் அவருடைய சொந்தச் சரக்கல்ல. எங்கெல்ஸ் 1892இல் ஆங்கில அறிவாளிகளைப் பற்றி எழுதும்போது, அக்னாஸ்டிசிஸம் என்பது வெட்கப்படுகிற பொருள்முதல்வாதம்தான் என்கிறார். விஞ்ஞானத்துக்குள் இருக்கும்வரை இந்த ஆசாமி பொருள்முதல்வாதி. வெளியே வந்ததும் தன் அறியாமைக்குக் கிரேக்கப் பெயர் சூட்டிக்கொள்கிறான் என்பது கிண்டல். கூர்மையான கிண்டல். பலருக்குப் பொருந்தவும் செய்யும். ஆனால் அந்தச் சொல்லை உண்டாக்கியவருக்குப் பொருந்துகிறதா என்று பார்க்கவேண்டாமா?

சொல்லை உண்டாக்கியவர் டி. எச். ஹக்ஸ்லி. ஆண்டு 1869. லண்டன் மெடஃபிஸிக்கல் சொஸைட்டியில் கூடிய ஒவ்வொருவருக்கும் ஏதாவதொரு 'இஸம்' இருந்ததாகவும், தான் மட்டும் வாலிழந்த நரி போல நின்றதாகவும் 1889இல் வேடிக்கையாக எழுதுகிறார். வேடிக்கைக்குப் பின்னால் இருப்பது வேறு. சொல்லுக்கு ஒன்பது வருஷம் முன்பே அந்த மனநிலை அவருக்கு நேர்ந்துவிட்டது. 1860 ஜூனில் ஆக்ஸ்ஃபோர்டில் பிஷப் வில்பர்ஃபோர்ஸோடு டார்வினுக்காக மோதியவர் அவர். அதே வருஷம் செப்டம்பரில் அவருடைய மூத்த மகன் நோயல், நான்கு வயது நிரம்பாத குழந்தை, ஸ்கார்லட் காய்ச்சலில் இறந்தான். பாதிரியாரும் நாவலாசிரியருமான சார்லஸ் கிங்ஸ்லி ஆறுதல் கடிதம் எழுதினார். ஹக்ஸ்லியின் பதில் நீளமானது. ஆத்மா அழியாதது என்பதைத் தான் ஏற்கவுமில்லை, மறுக்கவுமில்லை; நம்பக் காரணம் தெரியவில்லை, பொய்யென்று காட்டவும் வழியில்லை என்கிறார். நம்ப வேண்டும் என்ற ஆசை இருக்கிறதே, அதுவே அவருக்குச் சந்தேகத்தைக் கூட்டுகிறது. ஆசைக்கேற்ப உண்மையை வளைக்கமாட்டேன் என்று, பிள்ளையை அடக்கம் செய்த கையோடு ஒருவர் எழுதுகிறார். இதில் வெட்கம் எங்கே இருக்கிறது, ஒளிதல் எங்கே இருக்கிறது?

நம் குழப்பத்துக்கு ஒரு காரணம், இரண்டு கேள்விகளை ஒன்றாக்கிக்கொள்வது. நம்புகிறாயா என்பது ஒரு கேள்வி. தெரியுமா என்பது இன்னொன்று. நாத்திகம் முதலாவதற்குப் பதில்; அக்னாஸ்டிசிஸம் இரண்டாவதற்கு. இரண்டையும் ஒரே கோட்டில் வைத்து, ஆத்திகம் ஒரு முனை, நாத்திகம் மறுமுனை, நடுவில் மதில்மேல் பூனை என்று படம் போடுவது தவறு. தமிழில் நாம் செய்துகொண்ட சொற்களும் உதவவில்லை. அறியொணாக் கொள்கை என்கிறோம், அறியவியலாமைக் கொள்கை என்கிறோம். 'அறிய முடியாது' என்பதே ஒரு நிச்சயமல்லவா? ஹக்ஸ்லி அந்த நிச்சயத்தையும் கோரவில்லை. நிரூபணமாகாததை நிச்சயம் என்று பாவனை செய்யாதே என்பதுதான் அவர் கேட்டது. அவருக்கு அது ஒரு ஒழுங்கு; கொள்கையல்ல.

நான் பாங்கில் வேலை பார்ப்பவன். எங்களிடம் சஸ்பென்ஸ் அக்கவுண்ட் என்று ஒன்று உண்டு. வந்த தொகையை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று தெரியாதபோது தற்காலிகமாக அதில் வைப்போம். கம்ப்யூட்டர் வந்தும் அது போகவில்லை. யாருடையதென்று தெரியாமலே ஏதோ ஒரு கணக்கில் தள்ளி அதைச் சுத்தம் செய்வது மோசடி. துப்பு கிடைத்த பிறகும் வருஷக்கணக்கில் அதிலேயே கிடக்கவிட்டால் சோம்பேறித்தனம். சில சமயம் அதுவும் மோசடிதான். என் நண்பர் பயப்படுவது இந்த இரண்டாவதை. அந்த அளவுக்கு அவர் பயம் நியாயமானது. 'யார் கண்டது' என்று சொல்லிக்கொண்டே எல்லாச் சடங்குகளிலும் உட்கார்ந்து எழுந்திருக்கிறவர்களை நானும் பார்த்திருக்கிறேன்.

பெர்ட்ரண்ட் ரஸ்ஸல் இதைச் சமாளித்த விதம் வேறு. 1918இல் பிரிக்ஸ்டன் சிறைக்குள் போகும்போது வார்டர் மதம் என்ன என்று கேட்க, அக்னாஸ்டிக் என்றார். அந்த மனிதர் எழுத்துக் கூட்டச் சொல்லிக் கேட்டு எழுதிக்கொண்டு, மதங்கள் பல இருந்தாலும் எல்லோரும் கும்பிடுவது ஒரே கடவுளைத்தானே என்று பெருமூச்சு விட்டாராம். 1947இல் எழுதிய ஒரு கட்டுரையில் ரஸ்ஸல் சொல்கிறார்: தத்துவவாதிகளிடம் பேசும்போது தன்னை அக்னாஸ்டிக் என்று சொல்லவேண்டும், ஏனெனில் கடவுள் இல்லை என்பதற்கு முடிவான நிரூபணம் தன்னிடம் இல்லை. தெருவில் போகிறவரிடம் நாத்திகன் என்றே சொல்லவேண்டும், ஏனெனில் ஹோமரின் தேவர்கள் இல்லை என்பதற்கும் நிரூபணம் இல்லை. அதற்காக ஜீயஸ் விஷயத்தில் யாரும் தயங்கிக்கொண்டிருப்பதில்லை. ஆளுக்கொரு பேச்சு என்று இதைத் தள்ளிவிடலாம். எனக்கு அப்படிப் படவில்லை. நிரூபணமில்லாமலே உறுதியாக நம்பாமலிருக்க முடியும் என்பதைத்தான் அவர் சொல்கிறார். தெரியும் என்று பொய்யாகச் சத்தியம் செய்யும் அவசியம் அவநம்பிக்கைக்கு இல்லை. அந்த முழு நிச்சயம் பக்தனிடமிருந்து நாத்திகன் கடன் வாங்கியது.

நண்பர் பகத்சிங்கைக் காட்டுவார். காட்டவேண்டியவர்தான். 1930 அக்டோபரில் லாகூர்ச் சிறையில் அவர் எழுதிய நாத்திகக் கட்டுரையைத் தமிழாக்கியதற்காக ப. ஜீவானந்தம் கைதானார். நம்பினால் கஷ்டம் லேசாகும், மறுமையில் பரிசு உண்டென்று ஆறுதல் கொள்ளலாம்; தனக்கோ கயிறு இறுகும் கணமே கடைசிக் கணம் என்று எழுதியவர் 1931 மார்ச் 23இல் தூக்கிலிடப்பட்டார். அங்கே சஸ்பென்ஸ் அக்கவுண்டுக்கு இடமில்லை. ஆனால் என்னைத் தொடுவது அவர் நிச்சயம் அல்ல. அந்த அவநம்பிக்கை அவருக்கு ஒரு சலுகையும் தரவில்லை என்பது. மகனை இழந்த ஹக்ஸ்லியின் 'தெரியாது'வும் அவருக்கு ஒரு சலுகையும் தரவில்லை. கொடுத்த விலை ஒரு கூற்றை உண்மையாக்கிவிடாது. சொன்னவன் தன்னை ஏமாற்றிக்கொள்ளவில்லை என்பதற்கு மட்டும் சாட்சி.

இலக்கியத்திலும் இதுவே உரைகல் என்று நினைக்கிறேன். புதுமைப்பித்தனின் 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' 1943இல் வந்தது. கடவுள் உண்டா என்ற வழக்கை அந்தக் கதை எடுக்கவேயில்லை. சென்னையில் வந்து இறங்கிய கடவுளை ஒரு பத்திரிகைக்கு ஆயுள் சந்தா கட்டவைக்கிறது. ஆத்திகனுக்கும் நாத்திகனுக்கும் அதில் ஆறுதல் கிடையாது. இதை நிலைப்பாடு இல்லாத எழுத்து என்று சொல்வது, சஸ்பென்ஸ் அக்கவுண்ட் எல்லாமே மோசடி என்பதைப் போல.

இப்போது அந்தச் சந்தர்ப்பம். அப்பா இறந்து பதினாறாம் நாள். காரியங்களைத் தம்பி செய்தான். நான் ஓரமாக நின்றேன். இரவு அம்மா கேட்டாள்: "அப்பா எங்கயாவது இருப்பார் இல்லையாடா?" "தெரியலம்மா" என்றேன். திண்ணையில் இருந்த நண்பர் காதில் விழுந்திருக்கிறது. வாசலில் வைத்துத்தான் அந்த வாக்கியத்தைச் சொன்னார்.

எனக்குத் தெரியாது என்பது உண்மை. நான் நம்பவில்லை என்பதும் உண்மை. அம்மா கேட்டது இரண்டாவதை. நான் முதலாவதைச் சொன்னேன். ஹக்ஸ்லியின் அதே சொல். அவர் அதைத் தன் ஆசைக்கு எதிராகச் சொன்னார். நான் அம்மாவின் முகத்துக்குப் பயந்து சொன்னேன். நண்பர் சொன்ன விளக்கம் தவறு. என்னைப் பற்றிச் சொன்னது, அந்த இரவைப் பொறுத்தவரை, தவறில்லை. அம்மா அதற்குப் பிறகு என்னிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எதைச் சொல்லியிருப்பேன் என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.